அகலக்கால்

“அகலக்கால் வையாதே” என்பது மல்லாங்கிணற்றுப் பக்கத்தில் கடை வைப்பானுக்கும் காடு வாங்குவானுக்கும் பெரியோர் முதலிற் கூறும் புத்திமதி. விருதுநகர் மண்டிகளிலும் சிவகாசித் தீப்பெட்டி ஆபீசுகளிலும் இச்சொல் வழங்காத நாளில்லை. கைம்முதலுக்கு மிஞ்சிக் கிளை திறந்து, கிளையோடு வேரையும் இழந்தார் கதைகளை யாம் சிறுபிராயந் தொட்டுக் கேட்டு வருகிறோம். வணிகரை இவ்வளவு நுட்பமாக நிறுக்கும் நம்மவர், அரசரை நிறுக்கும்போது மட்டும் தராசைக் கீழே வைத்துவிடுகின்றனர். எத்துணை நாடு வென்றான் என்று வினவுவரேயன்றி, வென்றதைப் பேண யாது செலவாயிற்று, அச்செலவை யார் இறுத்தார் என்று வினவுவதில்லை.

விடுதி அறைகளில் நள்ளிரவு வரை நிகழும் விண்வெளிப் போர் விளையாட்டுக்களை ஆசிரியர் பலர் வீண்பொழுது என்பர். தேர்வுக்கு முந்திய வாரத்தில் அஃது உண்மையே. ஆயினும் மேற்கூறிய வினாவை அவ்விளையாட்டுக்கள் மறப்பதில்லை. 2003-இல் தோன்றிய ‘ஈவ் ஆன்லைன்’ என்பதில் பல்லாயிரவர் இணையத்தின் வழியே ஒரே விண்வெளியிற் கூடி, கூட்டங்களாகப் பிரிந்து, சுரங்கந் தோண்டி, வாணிகஞ் செய்து, கப்பல் கட்டிப் பொருவர். கைப்பற்றிய மண்டலத்தைத் தமதாக வைத்திருக்கக் கட்டணமுஞ் செலுத்தல் வேண்டும். 2014 ஜனவரி 27-இல் ஒரு பெருங்கூட்டத்தாருக்குரிய மண்டலமொன்றின் கட்டணம் செலுத்தப்படாது நின்றது; உரிமை நீங்கிற்று; பகைவர் புகுந்தனர். ஏறக்குறைய இருபத்தொரு மணி நேரம் நடந்த போரில் ‘டைட்டன்’ எனும் மாபெருங் கப்பல்கள் 75 அழிந்தன. அத்துணைப் பேரழிவுக்கும் வாயில் திறந்தது ஒரு பாக்கி!

இக்கணக்கு நம் புலவர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு யானையை உவமை காட்டுகிறார். அறுத்த நெல்லைக் கவளமாக்கி அளந்து கொடுத்தால் சிறுநிலத்து விளைவும் பலநாள் வரும்; யானை தானே வயலிற் புகின், அது தின்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதி. இறை கொள்ளும் முறை பற்றியே அவர் கூறினார். எமக்கோ, நாடு கொள்ளும் முறைக்கும் அவ்வுவமை பொருந்துமென்றே தோன்றுகிறது. கோபுரங் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாதவனைப் பற்றி லூக்கா சுவிசேஷத்தில் ஆண்டவர் சொன்ன உவமையைக் கட்டட நிதிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம்; அதனையடுத்து வருவது போருக்குப் புறப்படும் அரசனைப் பற்றியது என்பதைப் பிரசங்கியார் ஏனோ நினைப்பூட்டுவதில்லை.

அறிவுடைநம்பிக்குப் பல நூற்றாண்டுகளின் பின் அதே பாண்டிநாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். 1251-இல் அரியணையேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் நெல்லூர் வரை வென்று, திருவரங்கக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். அவனுக்குப் பின் 1268-இல் பட்டம் பெற்ற மாறவர்மன் குலசேகரன் ஈழத்தும் படை செலுத்தினான். இத்துணைப் பரந்த நாட்டைக் காக்கக் குதிரைகள் வேண்டும். நல்ல குதிரைகளோ அரபு, பாரசீகக் கரைகளினின்று கடல் வழியே காயலுக்கு வரவேண்டும். ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 தினார் விலைக்கு வந்தன என்றும், நடுக்கடலில் மாண்டவற்றுக்கும் விலை கொடுக்கப்பட்டதென்றும், அப்பொருள் கோயில் நிலங்களின் வருவாயினின்று வந்ததென்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். குலசேகரன் காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசரும் உடன் ஆண்ட சகோதரர் நால்வரும் ஆளுக்கு 2,000-க்கு மேல் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். காரணம், லாடம் அடிப்பாரும் குதிரை நோய் அறிவாரும் இங்கில்லாமை. அத்தகையோர் இங்கு வருவதை வணிகரே தடுத்தனராம்; குதிரை சாகச் சாக அன்றோ வியாபாரம் தழைக்கும்! எண்களில் மிகை இருக்கலாம். பாதியைத் தள்ளினும் மீதி நெஞ்சை உறுத்துகிறது.

குலசேகரனுடைய கருவூலம் பொன்னால் நிரம்பியிருந்ததென்று அதே வஸ்ஸாப் கூறுகிறாரே, அவன் மக்கள் இருவரின் சண்டையாலன்றோ நாடு கெட்டதெனச் சிலர் மறுப்பர். சண்டை மெய்யே, பொன் இருந்ததும் மெய்யே. ஆனால் வாங்கப் பொன் இருந்த நாட்டில், வாங்கியதைப் பேணக் கை இல்லை. எம் கருத்தில் அகலக்கால் என்பது இதுவே. பணமின்மை அதன் முடிவேயன்றித் தொடக்கமன்று. 1311-இல் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தபோது அப்பொன் அவனுக்குத் திறையாயிற்று. 1323-இல் மதுரை டெல்லிக்கு உட்பட்டது.

இதற்கு மாறான அரசனும் நம் நாட்டில் இருந்தான். முதற் குலோத்துங்கன் பட்டம் பெற்ற 1070-ஆம் ஆண்டையொட்டியே ஈழம் விசயபாகுவின் கைக்குச் சென்றது. அதன் பின்னும் சோழராட்சி 1279 வரை, இருநூறாண்டுக்கு மேல் நிலைத்தது. குலோத்துங்கன் நாட்டில் சுங்கத்தை நீக்கி, அதனாலேயே ஒரு பட்டப்பெயரும் பெற்றான். தமிழ் மன்றக் கூட்டங்களில் கடாரங் கொண்டானைப் புகழ்ந்து பேச எழுவார் பலர். சுங்கந் தவிர்த்தானைப் பற்றிப் பேச எழுந்தாரை யாம் இதுகாறுங் கண்டிலேம்.