டிக்கெட் எண் பதில் ஆகாது

மனிதவளப் பணிகளை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் நிறுவனம் தன் முக்கியத் தொழிலைக் கவனிக்கலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆட்களைக் கவனிப்பது முக்கியத் தொழிலில் சேராது என்று அவருக்கு யார் சொன்னது?

சம்பளக் கணக்கு, வரிப் பிடித்தம் எல்லாம் வெளியே போகட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் பேசுவது மொத்தத்தையும் வெளியே கொடுப்பதைப் பற்றி. 1999-ல் எண்ணெய் நிறுவனமான பி.பி. அமோகோ தன் மனிதவள வேலைகளில் பெரும்பகுதியை எக்ஸல்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2004-ல் அந்த எக்ஸல்ட்டையே ஹெவிட் என்ற நிறுவனம் வாங்கிவிட்டது. நம் கோப்புகளை வைத்திருப்பவரே கைமாறுவார் என்பதை இவர் யோசித்தாரா?

என் கதையைச் சொல்கிறேன். வைப்புநிதிக் கணக்கில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால். அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பணம் எடுக்கப் போனால், பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அலுவலகத்தில், மனிதவள வேலையை எடுத்திருந்த வெளி நிறுவனத்தைக் காட்டி, "வெண்டாருக்கு மெயில் போடுங்க" என்றார்கள். வெண்டார், "உங்க கம்பெனி ஒப்புதல் தரணும்" என்றார். ஐந்து வாரம், நான்கு புகார் டிக்கெட் எண்கள். கடைசியில் நகையை அடகு வைத்தோம். பழைய பர்சனல் ஆபீசர் இருந்திருந்தால் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றிருப்பேன்.

"சட்டம் எதையும் தடுக்கவில்லை" என்கிறாரே கட்டுரையாளர், அவர் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் படிக்கட்டும். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பொதுவாக அங்கேயே வேலை செய்யும் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். அந்த நாற்காலியை எந்த வெண்டாருக்குக் கொடுப்பார் இவர்?