வலிப்பும் பார்வையும்

பெயரும் முகவரியும் வெளியிட வேண்டா என்னும் வேண்டுகோளுடன், மும்பைப் புறநகரிலிருந்து ஒரு சகோதரியார் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு வயது ஒன்பது. மாலையில் பாடம் எழுதும்போது, இடப்பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சிறு வட்டங்கள் சுழல்வதாகக் குழந்தை கூறுமாம். பிறகு இரண்டொரு நிமிடம் எல்லாம் இருண்டு போகுமாம்; அதன்பின் தலைவலியும் வாந்தியும். முதலில் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள், பயனில்லை. ஒரு நாள் விழிகள் ஒருபுறமாகத் திரும்பி, கைகால்கள் இழுத்துக் குழந்தை விழுந்தபோதுதான் இது வலிப்பு என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, அம்மாத்திரை கண்ணைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறார். நான்கு நாட்களாக மாத்திரை நிறுத்தப்பட்டிருக்கிறது. வலிப்பினால் கண் கெடுமா, மாத்திரையினால் கண் கெடுமா என்பது சகோதரியாரின் வினா.

இதழ் அச்சாகி வரும்வரை இதற்குக் காத்திருத்தல் தகாது. ஆகவே, அன்றைக்கே மருத்துவரிடம் பேசி மருந்தைத் தொடருமாறு தொலைபேசியில் அவருக்குச் சொல்லிவிட்டோம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், முன்னிலும் கடுமையான, நெடுநேரம் நில்லாத வலிப்பு வரக்கூடும். இனி, மற்றவர்க்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

கண் காண்கிறது என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் கண் திரட்டி அனுப்புவதைக் காட்சியாக உணர்வது, மூளையின் பின்பகுதி, பிடரிக்கு நேரே உள்ள இடம். 1904-05 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ருஷ்ய ஜப்பானியப் போரில், தலையின் பின்புறம் குண்டடி பட்டுப் பிழைத்த வீரர்களை தாட்சுஜி இனோவே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ஆராய்ந்தார். அவர்களுடைய கண்களில் பழுதில்லை. ஆயினும் பார்வையில் ஒரு பகுதி மறைந்திருந்தது. குண்டு எவ்விடத்தில் பாய்ந்தது, பார்வையில் எப்பகுதி போயிற்று என்று ஒப்பிட்டு, மூளையில் காட்சி பதியும் முறையை அவர் வரைந்து காட்டினார். இடப்பக்கத்துக் காட்சி மூளையின் வலப்பாதியைச் சென்றடைகிறது. குழந்தை இடப்பக்கத்திலேயே வட்டங்களைக் காண்பதன் காரணமும் அநேகமாக இதுவே. வலிப்பு என்பது மூளை நரம்பணுக்களில் எழும் கட்டுக்கடங்காத மின்கிளர்ச்சி. அது பிடரிப்பகுதியில் எழுந்தால், இல்லாத வண்ணங்கள் தோன்றும். சில வேளை பார்வையே சற்று நேரம் அற்றுப் போகும். கண்ணாடிக் கடையில் இதற்கு மருந்தில்லை.

இதனை ஒற்றைத் தலைவலி என்று எண்ணி விட்டுவிடுவதும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் ஒளிக்கோலம் பெரும்பாலும் நிறமின்றி, கோட்டை மதிலின் விளிம்புபோலக் கோணல் கோணலாக, ஐந்து நிமிடத்துக்கு மேல் மெல்லப் பரவி ஒரு மணி நேரத்துக்குள் மறையும். வலிப்பின் வட்டங்களோ வண்ணமுடையவை. நொடிகளில் தோன்றி, பொதுவாக ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இருண்ட பார்வை மீளுமா? பெரும்பாலும் மீளும். வலிப்பு நின்ற பின்னும் சிலருக்குப் பார்வை நிமிடக்கணக்கில், அரிதாக மணிக்கணக்கில் மங்கியிருக்கும். களைத்த மூளைப்பகுதி தெளிந்ததும் திரும்பும். விழித்திரையோ பார்வை நரம்போ இதனாற் கெடுவதில்லை. ஆனால் நெடுநேரம் நில்லாது நீடிக்கும் வலிப்பு மூளையின் காட்சிப் பகுதியையே புண்படுத்தலாம். அப்போது இழப்பு நிலைத்துவிடுவதும் உண்டு. அரிதே எனினும் உண்டு. ஆதலின் ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் போதும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதில் பயனில்லை. வாயில் எதையும் வைத்தல் கூடாது.

இனி மாமியாரின் அச்சம். அதனைக் கிழவியின் பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை. விகாபட்ரின் என்னும் மருந்து, உண்பவரில் ஒரு பகுதியினர்க்குப் பார்வையின் ஓரங்களைச் சுருக்கிவிடுகிறது, சுருங்கியது மீள்வதில்லை, நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் அவர்களே அதனை அறியார். அதனால்தான் அதனைக் கொடுக்கும் மருத்துவர் இடையிடையே பார்வைச் சோதனை செய்விக்கிறார். டோபிராமேட் தொடங்கிய முதற் சில வாரங்களில் கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும்; கண்ணின் உள்ளழுத்தம் திடீரென ஏறியிருக்கக்கூடும். சகோதரியார் அனுப்பியுள்ள சீட்டில் இவ்விரண்டும் இல்லை; கார்பமசெபின் இருக்கிறது. அதன் அளவு மிகுந்தால் ஒன்று இரண்டாகத் தோன்றும்; அளவைக் குறைத்தால் அது நீங்கும். குறைப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதே வேண்டுவது.

நம் நாட்டில் மறக்கலாகாத இன்னொரு காரணம் நாடாப்புழு. அதன் முட்டைகள் தூய்மையற்ற நீராலும் கழுவாத காய்கறியாலும் வயிற்றுள் செல்கின்றன. சைவ உணவினரும் இதற்கு விலக்கல்லர். அவற்றினின்று வெளிப்படும் இளம்புழு மூளையில் தங்கினால் வலிப்பு. கண்ணிலும் தங்கினால் பார்வைக்கே கேடு. கண்ணுக்குள் புழு இருக்கையில் அதனைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால், அது மடியும்போது எழும் அழற்சியே பார்வையைப் பறித்துவிடலாம். ஆதலின் அத்தகைய மருந்து தொடங்குமுன் கண்ணின் உட்புறத்தைச் சோதித்தல் முறை.

நேரிற் காணாத குழந்தையின் நோய்க்குப் பெயரிட நாம் துணியோம். எனினும், இந்த வயதில் வரும் இவ்வகை வலிப்பு, வளர வளரப் பலர்க்கு நின்றுவிடுகிறது என்பதைச் சகோதரியார் அறிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் அவர் எழுதியிருக்கிறார். மருத்துவரிடம் வலிப்பு என்று சொல்லக் கூசி, "சக்கர்" என்று மட்டும் சொன்னார்களாம். நாளை பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டுமே என்ற கவலை. இந்தியில் அது வெறும் தலைசுற்றல். "மிர்கி" என்று சொன்னால்தான் வலிப்பு நோய் என்று விளங்கும். 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டிருந்த வலிப்பு, 1999 இல் நீக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளில் இன்னும் நீக்கப்படவில்லை போலும். அடுத்த முறை செல்லும்போது, வட்டங்கள் வந்த நாளையும், கடிகாரம் பார்த்து எத்தனை நிமிடம் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க. வண்ணப் பென்சிலைக் குழந்தையிடம் கொடுத்து, தான் கண்டதை வரையச் சொல்லி, அந்தப் படத்தையும் உடன் எடுத்துச் செல்க.