வலையின் கண்ணும் ஆட்சியின் கண்ணும்



ஐப்பசி அடைமழையில் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகின்றன. கலங்கல் தாண்டிய நீர் ஒன்றுசேர்ந்து, முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தையும் தொட்டு, திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே அடையாறாகக் கடல் நோக்கி நடக்கிறது. புதுவெள்ளம் கண்டதும் கெண்டையும் கெளுத்தியும் சினை சுமந்து நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறுகின்றன. ஏறி வரும் இடத்திலே வீச்சுவலையும் கூடையும் காத்திருக்கின்றன. அங்கே பிடிபடும் சினைமீன் ஒவ்வொன்றோடும் அடுத்த ஆண்டின் மீன்கள் ஆயிரக்கணக்கில் அழிகின்றன.

"பசித்தவன் நாலு மீன் பிடித்தால் அதற்கும் ஒரு சட்டமா?" என்று நம்மவரே கேட்பதுண்டு. அந்தக் கேள்வியிலே இரக்கம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் இரக்கத்தோடு கணக்கும் வேண்டாமா? ஓடையில் மீன் அற்றுப்போனால் பட்டினி கிடப்பவர் யார்? காசு படைத்தவர் கடைக்குச் சென்று கடல்மீன் வாங்கிக்கொள்வார். தூண்டிலன்றி வேறு முதல் இல்லாத தொழிலாளி எங்கே போவார்? சேற்றிலே கைதுழாவி மீன் பிடித்து உலையேற்றும் இருளர் குடும்பம் எங்கே போகும்? மீன்பிடிக்கு வரம்பு வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் இந்த ஏழைகளே. அவர்களுக்காக நாம் கேட்கிறோம்.

வரம்பு நமக்குப் புதிதுமல்ல. பத்தாம் நூற்றாண்டிலேயே உத்தரமேரூரில் ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஏரிமீனால் வந்த வருவாய்க்குப் பாசிப்பாட்டம் என்றே பெயர் இருந்தது. ஏரியும் மீனும் ஊரின் பொதுச்சொத்து என்று எண்ணிய காலம் அது.

வெள்ளையர் ஆட்சியிலே, மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே, சிறுகண் வலைகளும் வழிமறிக்கும் பொறிகளும் குஞ்சுமீனைக் கொள்ளையிடுவதை 1873ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தார். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது அச்சட்டம். அதன் 6ஆம் பிரிவு, வலையின் அளவையும் வகையையும் வரையறுக்கவும், குறிப்பிட்ட நீர்நிலையில் 2 ஆண்டுவரை மீன்பிடிப்பை நிறுத்தி வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. ஏட்டிலே இத்தனை இருந்தும், ஏரிக்கரையிலே நாம் காண்பது என்ன?

கடலைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கின்றன. அந்நாட்களில் மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணத் தொகை அளிக்கிறது. அண்டையிலுள்ள கேரளம் 2010இல் உள்நாட்டு மீன்வளத்துக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. கடல்மீனுக்கு உள்ள ஓய்வு நம் ஓடைமீனுக்கு மட்டும் ஏன் கூடாது?

இன்னொரு பக்கத்தையும் காண்போம். மீன்பாசிக் குத்தகை என்ற பெயரால் ஏரிகள் ஏலம் போகின்றன. குறுகிய காலத்துக்குக் குத்தகை எடுத்தவர் அந்தக் காலத்தோடு தம் எண்ணத்தை முடித்துக்கொள்கிறார். வலையின் கண் சுருங்குகிறது. கடைசி நாளில் ஏரியின் அடி வரை அரித்தெடுக்கப்படுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டே மைய அரசு தடை விதித்தது. நாட்டுமீனை விழுங்கும் அந்த மீன் இன்னும் நீர்நிலைகளிலே உலவுகிறது.

இவற்றையெல்லாம் மிஞ்சிய கொலைகாரன் ஒருவன் உண்டு. அவன் கையிலே வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கழிவுநீர்க் குழாயும் லாரியுமே அவன் கருவிகள். முதல் மழையிலே அடிச்சேறு கலங்கி, நீரிலுள்ள உயிர்க்காற்று தீர்ந்து, மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கும் காட்சியைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்! நஞ்சு கலந்து நாலு மீன் பிடிப்பது குற்றமென்றால், நாள்தோறும் நஞ்சைக் கலந்து ஆற்றையே கொல்வது எது? மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று, தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கிலே உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்த நீதி அடையாற்றங்கரைக்கும் வந்து சேர வேண்டும்.

2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. மீன் ஏறும் வழியை அடைத்த ஆக்கிரமிப்பே வெள்ளம் இறங்கும் வழியையும் அடைத்தது. மீனுக்கு வேண்டிய ஆறே நமக்கும் வேண்டிய ஆறு.

ஆகவே, தோழர்களே, தாம்பரம் மாநகராட்சியின் மாமன்றத்திலும், சுற்றியுள்ள ஊர்களின் கிராமசபையிலும் நான்கு கோரிக்கைகளை எழுப்புங்கள். முதலாவது, ஆற்றிலும் ஏரியிலும் கழிவுநீர் விழுவதை நிறுத்துக. இரண்டாவது, ஏரிக் குத்தகையில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதலிடம் தருக. ஏரியை அடியோடு அரிக்க எவருக்கும் இடம் தராதீர். மூன்றாவது, குஞ்சுமீன் தப்பிச் செல்லுமளவு வலைக்கண்ணை வரையறுக்க. நான்காவது, புதுவெள்ளம் வரும் சில வாரங்கள் சினைமீனுக்கு ஓய்வு தருக. அந்த வாரங்களில் பிழைப்பிழக்கும் குடும்பத்துக்குக் கடலோரத்தைப் போலவே நிவாரணம் தருக.

வரிசையையும் மனத்திற்கொள்ளுங்கள். கழிவைக் கொட்டுபவரை விட்டுவிட்டுத் தூண்டில்காரரை மட்டும் பிடிக்கும் சட்டத்தை மக்கள் மதியார். மேலிருந்து தொடங்கும் சட்டத்தையோ, கரையிலே நிற்கும் ஏழையே காவல் நின்று காப்பார்.

வலையின் கண் பெரிதாகட்டும்! அதற்கு முன்னே ஆட்சியின் கண் திறக்கட்டும்!