பத்து ரூபாய்ப் பொட்டலம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவோர் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையோடு கடைத்தெருவின் பழைய மளிகைக் கடையையும் படம் பிடித்துச் செல்கின்றனர். தராசு, மரப்பெட்டி, சணல் சாக்கு என எல்லாமே அவர்களுக்குப் 'பாரம்பரியம்'. வாங்குவதோ ஒரு கடலைமிட்டாய். வரகும் சாமையும் வாங்குவது நகரத்து இயற்கை அங்காடியில், கூடுதல் விலைக்கு, அழகிய உறையில்.

இயற்கை அங்காடிகளுக்கு நாம் எதிரிகள் அல்லர். 2013இல் மறைந்த நம்மாழ்வாரும் 2018இல் மறைந்த நெல் ஜெயராமனும் இல்லாவிடில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயரையே நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். நம் வழக்கு வேறு.

பழைய கடையை ஊருக்கு உரியதாக்கியது அதன் அளவு. ஐந்து ரூபாய்க்குப் புளி, பத்து ரூபாய்க்கு மிளகாய் என்று கேட்டவருக்கும் முகம் சுளிக்காமல் காகிதத்தில் மடித்து நூல் சுற்றித் தந்தார்கள். அதனினும் பெரிது கடன் நோட்டு. கடல் சீறிப் படகுகள் கரையில் கிடக்கும் நாட்களில் மீனவர் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரியும். (கடைக்காரரைத் தர்மவான் என்கிறோமில்லை. விலையில் ஏற்றுவார், எடையிலும் கைவைப்பார். ஆயினும் கொடுப்பார்.)

எண்ணிப்பார்த்தால் அந்தக் கோட்டையும் ஒரு கடையே. டச்சுக்காரர் மஸ்லின் துணி வாணிகம் செய்த இடம். அதைத் தொல்லியல் துறை காக்கிறது. மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் போதும்.

இயற்கை அங்காடி நடத்தும் நண்பர்களைக் கேட்கிறோம்: உங்களிடம் பத்து ரூபாய்க்குச் சாமை கிடைக்குமா? பணம் நாளை தருகிறேன் என்று நிற்பவளுக்கு?