நீலக் கரண்டி வாங்கும் முன்

'நஞ்சில்லா உணவு' என்று பையில் அச்சடித்து விற்கிறோம். அந்தப் பைக்குள்ள பிளாஸ்டிக் துண்டு கிடந்தா வாங்கினவங்களுக்கு என்ன பதில் சொல்றது? துறையூர்ப் பக்கம் எங்கள் சிறுதானியக் குழுவுக்கு இந்தக் கேள்வி வந்தது. பச்சைமலைச் சாமை அரிசியில் நகக்கண் அளவு வெள்ளைத் துண்டு. தேடிப் பார்த்தால், அரிசி அள்ளுற மக்கின் விளிம்பு உடைஞ்சிருக்கு. எப்போ உடைஞ்சதுன்னு யாருக்கும் தெரியலை. இயந்திரத்தில் காந்தம் வச்சிருந்தோம். அது ஆணியைப் பிடிக்கும். பிளாஸ்டிக்கை எப்படிப் பிடிக்கும்?

பெரிய உணவு ஆலைகளில் இதுக்குன்னே ஒரு பிளாஸ்டிக் வச்சிருக்காங்க. வார்க்கும்போதே இரும்புத் தூளோ இரும்பு ஆக்சைடோ கலந்துடுவாங்க. உடைஞ்ச துண்டு உணவோடு போனால் மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிச்சிடும். அள்ளும் கரண்டி, சுரண்டி, பிரஷ், எலிவேட்டர் வாளி எல்லாமே இதில் வருது. பெரும்பாலும் நீல நிறம். நாம சாப்பிடுற பொருளில் நீலம் அபூர்வம் என்பதால் கண்ணுக்கும் தப்பாது.

நல்ல யோசனைதான். ஆனால் டிடெக்டர் இல்லாத கூடத்தில் அந்தக் கரண்டி வெறும் நீலக் கரண்டி. டிடெக்டரோ லட்சக்கணக்கில் ஆகும். குறு உணவு நிறுவனங்களுக்காக 2020இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை என்று வச்சிருந்தாங்க. மீதி நம்ம கையிலிருந்துதானே? வாங்கினாலும் ரொம்பச் சின்னத் துண்டு தப்பிச்சிடும். காய்ந்த சாமையில் டிடெக்டர் நல்லா வேலை செய்யும். உப்பும் ஈரமும் உள்ள ஊறுகாயில் திணறும், ஏன்னா ஊறுகாயே கருவிக்கு உலோகம் மாதிரி சமிக்ஞை கொடுக்கும். இன்னொன்று, தூள் அதிகம் கலந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்குப் போயிடும்.

அதனால என் கருத்து இது: முதலில் பிளாஸ்டிக்கையே குறைப்போம். அள்ளுறதுக்கு எவர்சில்வர் சொம்பு போதும், புடைக்க முறம் இருக்கு. (நம்ம பாட்டிகளுக்கு டிடெக்டர் தேவைப்படலை!) மாற்ற முடியாத இடம் எலிவேட்டர் வாளிதான். அங்கே மட்டும் இந்த வகையைக் கேட்டு வாங்கலாம், உணவுத் தரச் சான்றோடு.

வாங்கும்போது விற்பவர் வார்த்தையை நம்ப வேண்டாம். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, நெல்மணி அளவுக்கு உடைச்சு, எண்ணி, ஒரு மூட்டைச் சாமையில் கலந்து நம்ம காந்தத்தின் மேலேயே ஓட்டிப் பாருங்க. போட்ட துண்டு எத்தனை, காந்தத்தில் ஒட்டினது எத்தனை? பாதிகூட வரலைன்னா பணத்தைப் பையிலேயே வச்சுக்குங்க. சோதிச்ச மூட்டை கோழிக்குக்கூட வேண்டாம், ஒதுக்கிடுங்க.

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவில், உணவில் அந்நியப் பொருள் இருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 'இயற்கை விவசாயி' என்று சொன்னால் அதில் தள்ளுபடி கிடையாது.

எங்கள் கூடத்தில் இப்போ மக்குகளைத் தூக்கிட்டோம். காலையில் எலிவேட்டர் வாளிகளை எண்ணி, விளிம்பைத் தடவிப் பார்த்து நோட்டில் எழுதுறோம். சாயங்காலம் இன்னொரு தடவை.