கேட்டைத் திறந்துவிட்டால் போதுமா?

எங்கள் தெருவில் காலை ஐந்தரை மணிக்கு வரிசையாகக் கேட் திறக்கும் சத்தம் கேட்கும். நாய் வெளியே ஓடும்; வீட்டுக்காரர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஏழு மணிக்கு நாயே திரும்பி வந்து கேட்டைப் பிராண்டும். இடையில் எங்கே போனது, எதைத் தின்றது, யாரைத் துரத்தியது என்று யாருக்கும் தெரியாது. எதிர்வரிசையில் ஒரு வீட்டில் நாயை வெளியே விடுவதே இல்லை. மாடிப்படிக்கு அடியில் நாலடிச் சங்கிலி. இரவும் பகலும் அங்கேதான்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, ஆனால் ராஜபாளையம் வட்டாரத்தில் ஊசி பிடித்தவனெல்லாம் டாக்டர்தான் என்பதால் இன்றும் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். அவிழ்த்துவிடுகிறவர், கட்டிப்போடுகிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்கிறார். கட்டிப்போடுகிறவர், இவரைப் பொறுப்பில்லாதவர் என்கிறார். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே கட்சி. நாயோடு சேர்ந்து நடக்கக் காலையில் அரை மணி நேரம் ஒதுக்க இருவருக்கும் மனமில்லை.

"அது கெட்டிக்காரன் அண்ணாச்சி, ரோட்டைப் பார்த்துத்தான் தாண்டும்" என்பார்கள். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. ஹாரன் சத்தம் கேட்காத நாய் எப்படிப் பார்த்துத் தாண்டும்? காது கேட்கிற நாய்க்கும் ஆபத்து வண்டி மட்டுமல்ல. சிலவகை எலிமருந்தைத் தின்ற அன்றைக்கு நாயிடம் எந்த மாற்றமும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். எப்போது, எங்கே, என்ன தின்றது என்று டாக்டர் கேட்பார். யாராவது கூடவே நடந்திருந்தால்தானே பதில் சொல்ல முடியும்? மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை நக்கினால் எலிக்காய்ச்சல். தடுப்பூசி முடியாத குட்டி தெருவில் முகர்ந்து திரிந்தால் பார்வோ. வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். உண்ணி கொண்டுவரும் காய்ச்சலில் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். வீட்டில் அதை "வெயிலுக்குப் படுத்திருக்கு" என்பார்கள்.

வெறிநோய் இதில் தனி. நோயின் அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, பிழைப்பு அநேகமாக இல்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிற கணக்குப்படி. கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

கட்டிப்போடுகிறவர்களுக்குச் சட்டம் ஒன்று இருப்பதே தெரியாது. 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11: அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் இருப்பதும் குற்றம். அந்தக் காலத்தில் இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்களைக் கும்பிடலாம். அபராதத்தைப் பார்த்ததும் கும்பிட்ட கை இறங்கிவிடும்: முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கழுத்துப்பட்டையே அதற்கு மேல் விலை.

கூடவே நடப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுக்கிற நாய்க்கு மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது. பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்; தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாய் பக்கத்துத் தெருவிலேயே வழி தெரியாமல் நிற்கும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கே தார்ச்சாலை காய்ந்துவிடுகிறது. புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். நமக்கு வேர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. சைபீரியக் குளிருக்கென்றே ரோமம் வளர்த்த ஹஸ்கியைச் சாத்தூர்ப் பக்கம் கொண்டுவந்து வைத்திருப்பவர்களிடம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். வெயில் தாக்கிய நாயை நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

சாப்பாட்டிலும் இதே இரண்டு கட்சிதான். ஒருவர் நேற்றைய மிச்சத்தைக் கொட்டுவார். இன்னொருவர் விலை அதிகமான பாக்கெட்டை வாங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பார். பாக்கெட்டில் தவறில்லை. அது முழு உணவா, மற்ற உணவோடு சேர்த்துக் கொடுக்கும் துணை உணவா என்று பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்தால் சரி. மிச்சத்தில்தான் சிக்கல் அதிகம். சாம்பார் சோற்றில் இருக்கும் சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூண்டும் அப்படியே. கல்யாண வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேரன் ஆசையாக ஊட்டும் சாக்லேட் இதயத்துடிப்பை எகிற வைக்கும். பிரியாணி எலும்பு வெந்ததால் கூராக உடையும்; தொண்டையிலோ குடலிலோ குத்தும். காய்ச்சலுக்கு நம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பிஸ்கட்டை நான் விஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சண்டை போடுவேன். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும். குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமில் 450 கலோரி இருக்கிறது. டீக்கடையில் ஆளுக்கு ரெண்டு என்று போடுகிற அன்பு, நாயின் முக்கால் நாள் சாப்பாட்டை மாவும் சர்க்கரையுமாக முடித்துவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நாய்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நாய்கள் காட்டில் முயலும் எலியும் பிடித்துத் தின்றதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில் கிடக்கிற நாய்க்கு வெறும் கூழையும் பால் சோற்றையும் ஊற்றினால் கறியும் முட்டையும் எங்கிருந்து வரும்? எலும்பில்லாத கறியை மட்டுமே போட்டு வளர்த்த குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து பற்றாமல் கால் வளைவதையும் பார்த்திருக்கிறேன். சோறு, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது முட்டை, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ. வீட்டுச் சாப்பாட்டுக்கு அது நல்ல ஆரம்பம். கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் எடையையும் வயதையும் பார்த்து டாக்டரே சொல்லட்டும்.

உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்கே தெரியும். ஓடப் பிறந்த உடம்பு அது. அக்கம்பக்கத்தார் "பட்டினி போடுறீங்களா" என்று கேட்டதற்காக அதைக் கொழுக்க வைத்து மூட்டுவலிக்காரனாக்கிவிடாதீர்கள்.

நல்ல குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டு இன்றும் வருகிறார்கள். காலையில் யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்பேன். "பையன் பார்த்துக்குவான் அண்ணாச்சி" என்று பதில் வரும். பையன் ப்ளஸ் டூ முடித்து ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்புறம் யார் என்பேன். பாதிப் பேர் யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து போவார்கள். மறுபடி வருகிறவர்களுக்கு மட்டும், குட்டி போட்டிருக்கும் வீட்டுக்கு வழி சொல்கிறேன்.