கணக்கைப் பாட்டாக எழுதலாம்!

கணக்கு என்றாலே முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. அதே பிள்ளைகள் சினிமாப் பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மனப்பாடமாகச் சொல்லி விடுவார்கள். பாட்டின் ஓசை செய்கிற வேலை அது. அப்படியானால் கணக்கையே பாட்டாக எழுதினால் என்ன?

இது புதிய யோசனை அல்ல.

ஓலைச்சுவடிக் கணக்கு

ஓலைச்சுவடிக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் ஏடு இருக்காது. படித்ததை நெஞ்சில்தான் எழுதி வைக்க வேண்டும். அதனால் கணக்கு நூல்களும் செய்யுளாகவே இருந்தன. காரி நாயனார் எழுதிய "கணக்கதிகாரம்" அப்படிப்பட்ட நூல்.

வட்டமான நிலத்தின் பரப்பு என்ன? சுற்றளவில் பாதியை, விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். இந்த வழியை அந்த நூல் இரண்டே அடியில் பாடுகிறது. இன்றைய பள்ளிக்கூடப் புத்தகத்தின்படி கணக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்!

பாட்டுக்குள் இரகசியம்

இத்தாலி நாட்டில் தார்த்தாக்லியா என்ற கணித அறிஞர் இருந்தார். முப்படிச் சமன்பாடு என்னும் கடினமான கணக்குக்கு அவர் வழி கண்டுபிடித்தார். அது மறந்து போகாமல் இருக்கப் பாட்டாக எழுதி வைத்துக் கொண்டார். 1539-ல் கார்டானோ என்ற மருத்துவர் அதைக் கேட்டார். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக் கொண்டு, தார்த்தாக்லியா அந்தப் பாட்டையே கொடுத்தார். 1545-ல் கார்டானோ அந்த வழியைத் தம் நூலில் வெளியிட்டு விட்டார்! பெரிய சண்டை மூண்டது. அவ்வளவு பெரிய இரகசியமும் ஒரு பாட்டுக்குள் அடங்கியிருந்தது.

தப்பும் ஒட்டிக் கொள்ளும்

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை.

பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணுவதற்கும் கணக்கதிகாரத்தில் பாட்டு உண்டு. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். நூறு முள் இருந்தால் 120 சுளை!

கேட்க இனிக்கிறது. ஆனால் பலாவில் மகரந்தம் சேர்ந்த பூக்களே சுளையாகின்றன. மற்றவை சடையாகப் போய்விடும். எத்தனை பூ சுளையாயிற்று என்பது காம்பருகே உள்ள முள்ளுக்கு எப்படித் தெரியும்?

பாட்டாக இருப்பதாலேயே ஒரு கணக்கு உண்மையாகி விடாது. எதுகை, சரியையும் தப்பையும் ஒன்றுபோலவே மனத்தில் ஒட்ட வைக்கும். ஆகவே, பிறர் எழுதிய பாட்டைப் பிள்ளைகள் ஒப்பித்தால் மட்டும் போதாது. அவர்களே எழுத வேண்டும்.

புளியங்கொட்டைப் பாடம்

ஒன்றும் மூன்றும் நான்கு. அதோடு ஐந்தைச் சேர்த்தால் ஒன்பது. ஏழையும் சேர்த்தால் பதினாறு. இத்தனை புளியங்கொட்டைகளையும் ஒவ்வொரு முறையும் அழகான சதுரமாக அடுக்கி விடலாம். இதை இப்படிப் பாடலாம்:

ஒன்றும் மூன்றும் நான்காகும்;
ஐந்தைச் சேர்த்தால் ஒன்பதாம்;
என்றும் வரிசை குறையாமல்
ஒற்றை சேர்த்தால் சதுரமாம்!

இதில் "வரிசை குறையாமல்" என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் ஓசைக்காக வேறு ஏதாவது அழகுச் சொல்லைப் போட்டாலும் பாட்டு நிற்கும். கணக்கு விழுந்து விடும்! ஒன்றும் ஐந்தும் ஒற்றை எண்கள்தான். கூட்டினால் ஆறு. ஆறு கொட்டைகளைச் சதுரமாக அடுக்க முடியுமா?

எந்தச் சொல்லை எடுத்தால் உண்மை கெடும் என்று தேடுகிற பிள்ளைக்கு, அந்தக் கணக்கு நன்றாக விளங்கிவிடும். நூறு தடவை ஒப்பித்தாலும் வராத தெளிவு, நான்கு அடி எழுதும்போது வந்துவிடும்.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோர்களும் ஒரு பாடம் முடிந்ததும், "இதை நாலு வரிப் பாட்டாக எழுது, பார்ப்போம்" என்று சொல்லலாம். எதுகை தவறினால் சிரித்து விட்டு விடலாம். கணக்குத் தவறினால் மட்டும் விடக் கூடாது. புளியங்கொட்டையை எடுத்து அடுக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.